லாம்டா கண்ட அலோன்ஸோ சர்ச்

இருபதாம் நூற்றாண்டின் தருக்க நூலோருள் முதல் வரிசையில் வைத்தெண்ணப்பெறும் அலோன்ஸோ சர்ச் என்னும் பேரறிஞர், 1903ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகராகிய வாஷிங்டனிற் பிறந்தார். அவர்தம் தந்தையார் சாமுவேல் ராபின்ஸ் சர்ச் அந்நகர நீதிமன்றமொன்றில் நடுவராய் அமர்ந்திருந்தவர். கண்ணொளியும் செவிப்புலனும் நாளடைவிற் குன்றியமையால் அவர் அப்பதவியை விட நேர்ந்தது. குடும்பத்தார் நகர வாழ்வை நீத்து வர்ஜீனியாவின் நாட்டுப்புறத்திற் குடியேறினர். உறவினர் ஒருவரது பொருளுதவியால் இளைஞர் சர்ச் கனெக்டிகட்டிலுள்ள ரிட்ஜ்பீல்டு பள்ளியிற் பயின்று 1920ஆம் ஆண்டில் தேறினார். பள்ளிப் பருவத்திற் காற்றுத் துப்பாக்கியால் விளைந்த விபத்தொன்றில் அவர்க்கு ஒரு கண்ணின் பார்வை போயிற்று. கண்ணொளி குன்றிப் பதவியிழந்த தந்தையின் மகனுக்கு இஃது எத்துணைப் பேரிடியாயிருந்திருக்கும் என்று நினையாதார் இரார். எஞ்சிய ஒரு கண்ணைக் கொண்டே அவர் எழுபது ஆண்டுகள் கற்றலையும் கற்பித்தலையும் வாழ்வாகக் கொண்டார்.

பிரின்ஸ்டன் சர்வகலாசாலையிற் சேர்ந்தபோது, செலவிற்குப் போதாமையால் மாணாக்கர் உணவுக்கூடத்திற் பணிபுரிந்து பொருளீட்டினார். இக்காலத்தே தெருவைக் கடக்கும்பொழுது, பார்வையற்ற கண்ணின் பக்கமாக வந்த டிராம் வண்டி ஒன்று அவர்மீது மோதிற்று. மருத்துவமனையிற் கிடந்த நாட்களில், ஆங்குச் செவிலியர் பயிற்சி பெற்றுவந்த மேரி ஜூலியா என்னும் நங்கையைக் கண்டார். 1925இல் இருவரும் மணந்துகொண்டனர். மக்கள் மூவர் பிறந்தனர். ஒரு விபத்து கண்ணைப் பறித்தது. பிறிதொரு விபத்து இல்லறத்தைக் கொணர்ந்தது.

இனி, இப்பெரியார் வரலாற்றைத் தமிழ்ச் சிறப்புவகுப்பினராகிய யாம் எழுதப் புகுந்தது ஏன் என்று வினவுவார்க்கு ஒரு சொல். கணினிக்குக் கட்டளை எழுதும் முறைகளுள் சார்பு நிரலாக்கம் என்பது ஒன்று. நம் கலாசாலைக் கணினிப் பிரிவினருட் பலர் அதன் பெயரைக் கேட்டவுடன் அஞ்சுகின்றனர். எம் வகுப்பினரோ, அது தமக்குரியதன்று என்று அகன்று செல்கின்றனர். இலக்கணம் படிப்பார்க்குக் கணினி எதற்கு என்று முகத்திற்கு நேரே கேட்பாரும் உளர். அச்சமும் வேண்டா, அகற்சியும் வேண்டா என்பது எம் துணிபு. அம்முறைக்கு வித்திட்டவர் சர்ச். அவர் இட்ட வித்தின் இயல்பை விளங்கிக்கொள்ள நன்னூலைப் பழுதறக் கற்றவனுக்குப் புதிய கண் ஒன்றும் தேவையில்லை. யாம் செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் வளர்ந்தோம். ஆதலின் உவமை வேண்டுமிடத்துச் சில எம் ஊரினின்றும், பல எம் பாடநூலினின்றும் வரும்.

சார்பு என்பது யாது? ஒன்றைக் கொடுத்தால் ஒன்றைத் தருவது. அதே பொருளைக் கொடுக்குந்தோறும் அதே விடையைத் தருவது. மரம் என்னும் நிலைமொழியையும் வேர் என்னும் வருமொழியையும் வேற்றுமைப் பொருளிற் புணர்த்தால் மரவேர் என்று முடியும். காலையிற் புணர்த்தாலும் மாலையிற் புணர்த்தாலும், ஆசிரியர் புணர்த்தாலும் மாணாக்கன் புணர்த்தாலும் அம்முடிபு மாறாது. புணர்ச்சி விதி தனக்குத் தரப்பட்ட சொற்களையன்றி வேறெதனையும் பார்ப்பதில்லை, வேறெதனையும் மாற்றுவதுமில்லை. மரம், வேர் என்னும் சொற்கள் புணர்ந்தபின்னும் அகராதியில் முன்போலவே இருக்கின்றன. இத்தகைய விதியே தூய சார்பு எனப்படும்.

இதற்கு மாறான முறை எம் ஊர்க் களஞ்சியத்தை ஒக்கும். செஞ்சியில் இராசகிரியின் அடிவாரத்தே பெரிய நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கின்றது. அதற்குக் கணக்கேடு ஒன்று இருந்ததாகவும், படைத்தலைவன் ஆளும், அரண்மனை ஆளும், கோயில் ஆளும் தத்தம் விருப்பப்படி வந்து நெல்லை எடுத்தும் போட்டும் ஏட்டை அழித்தும் எழுதியும் சென்றதாகவும் கற்பனை செய்துகொள்வோம். மாலையில் இருப்புக் குறைந்தால் யார் கையிற் பிழை என்று காண்பது எளிதன்று. பெரும்பாலான நிரல்கள் இவ்வாறே எழுதப்பெறுகின்றன. நினைவகத்தில் ஓரிடத்துக்குப் பெயரிட்டு, அதிலுள்ள எண்ணைப் பலரும் பலவிடத்தினின்றும் மாற்றுகின்றனர். சார்பு நிரலாக்கத்தில் ஒருவர் கையினின்று மற்றவர் கைக்குப் பொருள் செல்லும். பொது ஏடு இல்லை. பிழை நேரின் எக்கையில் நேர்ந்தது என்று உடனே சுட்டலாம்.

வரலாற்றிற்கு மீள்வோம். 1924இற் பட்டம் பெற்ற சர்ச், ஆஸ்வால்டு வெப்லன் என்னும் ஆசிரியரிடம் ஆராய்ந்து 1927இல் டாக்டர் பட்டமும் எய்தினார். அடுத்த ஈராண்டுகளை ஹார்வர்டிலும், ஹில்பர்ட் என்னும் கணிதப் பேராசான் வாழ்ந்த கெட்டிங்கனிலும், பிரௌவர் வாழ்ந்த ஆம்ஸ்டர்டாமிலும் கழித்தார். கணிதத்தின் அடிப்படை எது என்பது பற்றி அவ்விரு பேராசான்களும் கடுமையாக மாறுபட்டிருந்த காலம் அது. கணிதக் கட்டடம் முழுதும் ஐயமற நிற்பதற்குரிய அடித்தளத்தைத் தேடுவதே அந்நாளைய அறிஞர் பலரது வேட்கையாயிருந்தது. 1929இற் பிரின்ஸ்டனுக்கு ஆசிரியராக மீண்ட சர்ச், தாமே அவ்வடித்தளத்தை இடத் துணிந்தார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் இரண்டு கட்டுரைகளாக அவர் வெளியிட்ட தருக்க அமைப்பு, சார்பு என்னும் ஒன்றையே முதலாகக் கொண்டு கணிதம் முழுவதையும் எழுப்ப முயன்றது. அதில் அவர் கையாண்ட குறியீடே லாம்டா என்னும் கிரேக்க எழுத்து.

அவ்வெழுத்தின் தொழில் யாதெனின், இஃது ஒரு வாய்பாடு என்று அறிவிப்பதே. செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்று நம் இலக்கணிகள் கூறுகின்றனர். ஆண்டுச் செய் என்பது செய்தற்றொழிலைக் குறிப்பதன்று; எவ்வினைப்பகுதியும் வந்து அமர்தற்குரிய வெற்றிருக்கை அது. அவ்விருக்கைக்குச் செய் என்று பெயரிடாது பிறிதொரு பகுதியின் பெயரை இட்டிருப்பினும் இலக்கணம் சிறிதும் மாறியிராது. சர்ச்சின் முறையிலும் இருக்கையின் பெயர் பொருட்டன்று. அவ்விருக்கையில் உண்மைப் பொருளை அமர்த்துவதே கணித்தல். ஓரெண்ணைத் தருக, அதனோடு ஒன்று கூட்டுவல் என்பது ஒரு லாம்டாத் தொடர். ஏழைத் தந்தால் இருக்கையில் ஏழு அமரும், எட்டு விளையும். இருக்கையை அறிவித்தல், தொடரை ஒரு பொருள்மேற் செலுத்துதல், இருக்கையிற் பொருளை அமர்த்துதல் ஆகிய இவையன்றி அம்முறையில் வேறு கருவியில்லை. இத்துணைச் சிறிய கருவிகளால் கணித்தற்குரிய அனைத்தையும் கணிக்கலாம் என்பதே வியப்பு.

இரண்டு பொருள்களை வேண்டும் சார்புக்கு யாது செய்வது? ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம் என்பது விடை. புணர்ச்சி விதிக்கு மரம் என்னும் நிலைமொழியை மட்டும் கொடுத்து நிறுத்தினால் கிடைப்பது சொல்லன்று. வருமொழிக்காகக் காத்திருக்கும் ஒரு புதிய விதி. அதற்குக் கிளையைக் கொடுத்தால் மரக்கிளை, நிழலைக் கொடுத்தால் மரநிழல். இவ்வுபாயத்தை ஷேன்பிங்கல் என்னும் ருசிய அறிஞர் 1924இல் வெளியான கட்டுரையில் விளக்கியிருந்தார். எனினும் பின்வந்த ஹாஸ்கெல் கர்ரி என்னும் அமெரிக்கரின் பெயரே அதற்கு நிலைத்தது. ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது. மரம் என்பதன்முன் ககர முதன்மொழி வருமிடத்து, வேற்றுமையாயின் மரக்கிளை என வல்லெழுத்து மிகும். அல்வழியாயின் மரங்குறிது என மெல்லெழுத்தாகத் திரியும். ஆகவே நிலைமொழி, வருமொழி என்னும் இரண்டே போதா. அவற்றின் தொடர்பும் விதிக்குக் கொடுக்கப்படல் வேண்டும். முடிபு எதனையெல்லாம் சார்ந்ததோ அதனையெல்லாம் வெளிப்படையாகக் கேட்டுப் பெறுதல் வேண்டும் என்பது சார்பு நிரலாக்கத்தின் முதற் கட்டளை. பவணந்தியார் வேற்றுமை, அல்வழி என்று பிரித்து ஓதியபோது அக்கட்டளையைப் போற்றியே ஓதினார் எனலாம்.

எண்களையும் சார்பாகவே சர்ச் அமைத்தார். மூன்று என்பது மூன்று மாங்காயன்று. எத்தொழிலையும் மும்முறை அடுக்கிச் செய்யும் சார்பு. அடுக்குத்தொடர் படித்த நமக்கு இதில் வியப்பில்லை. இவ்வெண்களோடு ஒன்று கூட்டுதல் எளிது. இன்னுமொரு முறை அடுக்கினால் முடிந்தது. ஒன்று குறைத்தலோ அரிது. செய்த தொழிலை மீட்கும் வழி அம்முறையில் இல்லை. அஃது இயலாது என்றே சர்ச் ஏறத்தாழ முடிவு கட்டியிருந்தார். அவர்தம் மாணாக்கர் ஸ்டீபன் கிளேனி என்பார் 1932இற் பல்மருத்துவரிடம் கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொள்ள அமர்ந்திருந்தபோது அதற்கு வழி அவர் உள்ளத்தில் தோன்றிற்று. அவ்வழியை எம் ஊர்ப் படிகளாற் காட்டுவோம். இராசகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. அதன் படிகளில் நாம் ஏறுங்கால், தோழன் ஒருவன் எப்பொழுதும் நமக்கு ஒரு படி கீழே நின்று தொடர்வானாக. நாம் நூறாம் படியில் நிற்கையில் அவன் நிற்கும் படி எதுவோ அதுவே நூற்றில் ஒன்று குறைந்தது. இறங்க வேண்டுவதில்லை, தோழன் நிற்குமிடத்தைப் பார்த்தாற் போதும். கிளேனி எண்ணை ஒற்றையாக அடுக்காது இரட்டையாக அடுக்கி இதனைச் சாதித்தார். பல்வலியிடையே பிறந்த இவ்வழியைக் கண்டு ஆசிரியர் மகிழ்ந்தார்.

ஆனால் அம்மாணாக்கரே ஆசிரியரின் பெருங்கட்டடத்தையும் வீழ்த்தினர். 1935ஆம் ஆண்டில் கிளேனியும், பார்க்லி ராஸர் என்னும் மற்றொரு மாணாக்கரும் சேர்ந்து, சர்ச்சின் தருக்க அமைப்பு தனக்குள்ளே முரணுடையது என்று நிறுவினர். அதனுள் எதனையும் மெய்யென்று காட்டிவிடலாம், பொய்யையும் காட்டிவிடலாம். எல்லாவற்றையும் மெய்யென்னும் சாட்சியை எந்நீதிமன்றம் ஏற்கும்? கணிதம் முழுவதற்கும் அடித்தளமாக எழுப்பப்பட்டது ஓர் ஓலைச் சுவராயிற்று. இருவரும் முந்தின ஆண்டிலேதான் அவர்கீழ்ப் பட்டம் பெற்றவர்கள். முப்பத்திரண்டு வயதில், தம் வாழ்நாட் பெரும்பணி என்று கருதியதைத் தம் மாணாக்கர் கையால் இழந்தவர் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும்.

சர்ச்சின் பெருமை யாம் கருதுமளவில் இவ்விடத்தேதான் விளங்குகின்றது. அவர் இடிபாட்டை மறைக்கவுமில்லை. அதனைச் செப்பனிடுவேன் என்று பிடிவாதமாக நிற்கவுமில்லை. மெய், பொய் என்று தீர்ப்புரைக்கும் பகுதியே முரணுக்குக் காரணமென்று கண்டு அதனைக் களைந்தார். எஞ்சியது சார்புகளை ஆக்கலும் செலுத்தலுமாகிய சிறு பகுதி. அது கணிதத்தைத் தாங்கும் அடித்தளமன்று. ஆனால் கணித்தல் என்னும் தொழிலின் முழு வடிவம் அதனுள் இருந்தது. அது முரணற்றது என்பதை அடுத்த ஆண்டே நிறுவினார். யாரோடு சேர்ந்து நிறுவினார்? கட்டடத்தை வீழ்த்திய அதே ராஸரோடு! அவ்விருவர் பெயராலும் வழங்கும் தேற்றம் கூறுவது இது: ஒரு தொடரில் எப்பகுதியை முதலிற் கணித்தாலும், வழிகள் எவ்வளவு பிரிந்து சென்றாலும், அவை மீண்டும் கூடுதற்குரிய இடம் ஒன்று உண்டு. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்துச் செல்லும் எம் ஊர் மதில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுடையது. ஒரு வாயிலில் தொடங்கி ஒருவன் வலமாகவும் ஒருவன் இடமாகவும் மதிலைத் தொடர்ந்து சென்றால் இருவரும் ஓரிடத்திற் சந்தித்தே தீர்வர். சிவாஜி 1677இற் கைக்கொண்ட அக்கோட்டை 2025இல் உலக மரபுச் சின்னங்களின் வரிசையிற் சேர்ந்தது. அதனைக் காணவரும் நண்பர்கள் இத்தேற்றத்தையும் மதிலோரம் நடந்து கண்டுகொள்வாராக. கணினிகள் பல சேர்ந்து ஒரு கணக்கைப் பங்கிட்டுச் செய்யும் இந்நாளில், எவ்வரிசையிற் செய்தாலும் முடிந்த விடை ஒன்றே என்னும் உறுதிப்பாட்டின் அருமை வெளிப்படை.

எஞ்சிய அச்சிறு கருவியைக் கொண்டே 1936இற் சர்ச் தம் பெயரை நிலைநாட்டினார். எக்கணித வினாவையும் தீர்க்கவல்ல பொதுவழி ஒன்று உண்டா என்று ஹில்பர்ட் வினவியிருந்தார். இல்லை என்று சர்ச் நிறுவினார். இரண்டு லாம்டாத் தொடர்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றத்தக்கனவா என்பதை எல்லாவிடத்தும் முடிவுசெய்யும் பொதுவழி இருத்தல் இயலாது என்பது அவர் காட்டிய சான்று. அதே காலத்தில் இங்கிலாந்தில் ஆலன் டூரிங் என்னும் இளைஞர், நாடாவில் எழுதியும் அழித்தும் செல்லும் கற்பனைப் பொறி ஒன்றைக்கொண்டு அதே முடிவைத் தனியே எய்தினார். தமக்குப் பின் வெளிவந்த கட்டுரையென்று சர்ச் அதனைப் புறக்கணித்தாரல்லர். 1937இல் எழுதிய மதிப்புரையில் அப்பொறிக்கு டூரிங் பொறி என்று பெயர் சூட்டியவரே அவர்தாம். டூரிங் பிரின்ஸ்டனுக்கு வந்து சர்ச்சின்கீழ் ஆராய்ந்து 1938இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஏட்டை அழித்தெழுதும் நிரல்முறைக்கு டூரிங் பொறியும், சார்பு முறைக்கு லாம்டாவும் மூலமென்று கொண்டால், இரு மரபுகளும் ஓராசிரியர் அறையிற் சந்தித்தன எனலாம்.

1940இல் அவர் வகைக் கொள்கை ஒன்றை வெளியிட்டார். எச்சார்பு எவ்வகைப் பொருளை ஏற்கும், எவ்வகையைத் தரும் என்று முன்னரே வரையறுத்துவிட்டால், தன்னைத் தனக்கே கொடுத்துக்கொள்ளும் விபரீதத் தொடர்கள் எழுத்தளவிலேயே தடைபடும். அவன் வந்தது என்று ஒருவன் சொன்னால், வந்தானா இல்லையா என்று ஆராயுமுன்னரே திணை வழு என்று தள்ளுகிறோமன்றோ? நிரலை இயக்கிப் பார்க்குமுன்னரே பிழையைக் காட்டும் வகைச் சோதனையும் அவ்வாறானதே. வழுக்காத்தலை இயலின் தலைவாயிலிலே வைத்த தொல்காப்பியர் இதனைப் பெரிதும் விரும்பியிருப்பார்.

ஆசிரியராக அவர் விளங்கிய விதத்தை அவரிடம் பயின்றோர் பலர் எழுதிவைத்திருக்கின்றனர். வகுப்பிற்குள் வந்ததும் கரும்பலகையை ஒரு புள்ளியும் எஞ்சாதபடி துடைப்பார். சில நாட்களில் நீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவி உலரும்வரை காத்திருப்பார். பின்னரே பாடம். பேச்சு மெல்லியது, ஒரு சொல்லும் மிகைபடாது. இரவில் நெடுநேரம் விழித்து எழுதும் வழக்கமுடையவர். குறிப்புகளைப் பல நிற மைகளால் எழுதுவார். பிரெஸ்பிட்டீரியன் திருச்சபையில் வாழ்நாள் முழுதும் உறுப்பினராயிருந்தார். 1936இற் குறியீட்டுத் தருக்கத்திற்கெனத் தொடங்கப்பெற்ற ஆராய்ச்சி இதழில் 1979வரை மதிப்புரைப் பகுதியைக் கண்காணித்தார். அத்துறையில் உலகெங்கும் வெளிவரும் நூல்களையும் கட்டுரைகளையும் நாற்பத்துமூன்று ஆண்டுகள் தொகுத்து மதிப்பிடுதல் எளிய தொண்டன்று. கிளேனி, ராஸர், டூரிங் ஆகியோரையன்றி ராபின், டேனா ஸ்காட், ஸ்மல்யன் முதலியோரும் அவர்தம் மாணாக்கரே.

சர்ச் கணினிக்கென ஒரு மொழியும் இயற்றினாரில்லை. அவர் விதைத்ததைப் பிறர் அறுத்தனர். 1958இல் ஜான் மக்கார்த்தி லிஸ்ப் என்னும் மொழியை வகுத்தபோது லாம்டாக் குறியீட்டை அவர் நூலினின்றே எடுத்துக்கொண்டார்; நூலின் எஞ்சிய பகுதி தமக்கு விளங்கவில்லை என்பதையும் மறைத்தாரல்லர். 1960களிற் பீட்டர் லாண்டின், நிரல் மொழிகளின் பொருளை லாம்டாவால் விளக்கலாம் என்று காட்டினார். பார்ட்ரன் மொழியை ஆக்கிய குழுவின் தலைவராகிய ஜான் பேக்கஸ், 1977இல் டூரிங் பரிசு பெற்று ஆற்றிய உரையில், தாமே பரப்பிய பழைய நிரல்முறையைக் கடிந்து சார்பு முறையைப் பரிந்துரைத்தார். எடின்பரோவில் ராபின் மில்னர் வகுத்த எம்.எல். என்னும் மொழி, எழுதுவோன் கூறாவிடினும் வகைகளைத் தானே உய்த்துணரும். 1990இல் ஹாஸ்கெல் மொழியின் முதல் அறிக்கை வெளிவந்தது. அது கர்ரியின் முதற்பெயரைத் தாங்கியது. இன்று பைத்தான் மொழியில் லாம்டா என்னும் சொல்லே கட்டளையாக நிற்கின்றது; ஜாவாவும் 2014இல் அதனை ஏற்றுக்கொண்டது.

இம்முறையைக் கற்கப் புகும் எம் வகுப்பினர்க்கு, படியேறும் வழியை எம்மளவில் சுட்டுகிறோம். முதற்படி மேற்கூறிய தூய சார்பு. அடுத்தது சேர்க்கை. எழுத்தை அசையாக்குவது ஒரு சார்பு. அசையைச் சீராக்குவது ஒன்று. சீர்களினின்று தளை காண்பது ஒன்று. ஒன்றன் விடையை மற்றொன்றன் வினாவாக்கித் தொடுத்தால் அலகிடுதல் என்னும் ஒரே சார்பு ஆகின்றது. மூன்றாவது தற்சுட்டு. ஒரு செய்யுளின் அடிகளை எண்ணவேண்டின், அடியே இல்லையாயின் சுழி. உண்டாயின் முதலடிக்கு ஒன்று, அதனோடு எஞ்சிய அடிகளின் எண்ணிக்கை. தன்னையே அழைத்தாலும் செய்யுள் குறுகிக்கொண்டே வருதலின் எண்ணுதல் முடிவுறும். குறுகாது அழைத்தால் முடிவேயில்லை. தொடக்கத்தார் பெரும்பாலும் வழுக்குமிடம் இதுவே.

நான்காவது, சார்பையே ஏற்றுச் சார்பையே தரும் சார்பு. இதனை மேற்படியென்று கூறிப் பலரும் மருள்வர். செய் என்பதைச் செய்வி என்றும், அதனை மேலும் செய்விப்பி என்றும் ஆக்கும் விகுதியைப் பாருங்கள். வினையை ஏற்று வினையைத் தருகின்றது. தான் தந்ததையே மீண்டும் ஏற்கின்றது. பிறவினை ஓதியவன் இப்படியை முன்னமே ஏறிவிட்டான். நிரலில் இதன் பெரும்பயன் யாதெனின், அலகிடும் சார்பைக் கொடுத்து, அதனை ஒவ்வோரடிக்கும் செலுத்துக என்று ஒரே சொல்லில் ஆணையிடலாம். நாலடி வெண்பாவாயினும் ஆயிரமடி ஆசிரியமாயினும் ஆணை ஒன்றே. சார்பு நிரலாக்கத்தில் முதற் பயிற்சியாக நம் மாணாக்கர் அலகிடும் நிரல் ஒன்றை எழுதிப் பார்த்தல் நலம். பாடநூல்களிற் காணும் வங்கிக் கணக்குகளைவிட அது நமக்கு அணுக்கமானது.

அதற்கும் அப்பால், ஹாஸ்கெல் மொழியிற் காணும் சோம்பற் கணிப்பு. கேட்டாலன்றிக் கணியாது, ஆதலின் முடிவிலா எண்வரிசையையும் அச்சமின்றிப் பெயரிட்டு வைத்து, வேண்டிய பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இறுதியாக மோனாடு. தூய சார்பு எதனையும் மாற்றாதெனின், திரையில் எழுதுவதும் கோப்பிற் பதிவதும் எங்ஙனம் என்னும் ஐயம் எழும். மலையுச்சியிலிருக்கும் மன்னன் அறையைவிட்டு வெளியேறாது ஓலை எழுதுகின்றான். ஓலை எழுதிய அளவில் நாட்டில் ஒன்றும் மாறுவதில்லை. ஓர் ஓலையின் விளைவைப் பொறுத்து அடுத்த ஓலை என்று பலவற்றை ஒரே கட்டாகக் கோத்துக் கீழே அனுப்புகின்றான். நிறைவேற்றுவோர் கோட்டை வாயிலில் உளர். சார்புகள் ஓலையை மட்டும் ஆக்குகின்றன. செயல் வெளியே நிகழ்கின்றது. ஓலைகளைக் கோக்கும் அம்முறைக்கே மோனாடு என்று பெயர். யூஜீனியோ மோஜி என்னும் இத்தாலிய அறிஞர் 1989இல் நிரல்களின் பொருளை விளக்க இக்கருத்தை ஆண்டார். பிலிப் வாட்லர் முதலியோர் அதனை நிரல் எழுதும் கருவியாக்கினர். இதனை ஒருநாளில் விளங்கிக்கொள்ள முயல்வோர் களைப்படைவர். முன்னைய படிகளிற் கால் ஊன்றியபின் ஏறுவோர்க்கு அத்துணைச் செங்குத்தன்று.

1967இற் சர்ச் பிரின்ஸ்டனை விட்டுக் கலிபோர்னியா சர்வகலாசாலையின் லாஸ் ஏஞ்சலிஸ் கலாசாலைக்குச் சென்று, கணிதமும் தத்துவமும் கற்பித்தார். 1976இல் மனைவியார் மறைந்தார். அதன் பின்னரும் அவர் பணி நிற்கவில்லை. 1990இல், எண்பத்தேழாம் வயதில் ஓய்வு பெற்றார். சொல்லின் பொருளுக்கும் அது சுட்டும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறியீட்டால் வரையறுக்கும் ஆராய்ச்சியை முதுமையிலும் விடாது நடத்தினார். ஓஹையோ நாட்டின் ஹட்சன் நகரில் 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் உயிர்நீத்தார். அவர் உடல் பிரின்ஸ்டன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்றது. அவர் வெளியிட்ட கட்டுரைகள் எல்லாம் ஒரு பெருந்தொகுதியாக 2019ஆம் ஆண்டில் அச்சேறின. 1932ஆம் ஆண்டின் வீழ்ந்த கட்டடமும் அத்தொகுதியில் இடம்பெற்றிருக்கின்றது.